வாலில் 18 கிராம்



எங்க முதல் விமானம் எவ்வளவு நேரம் பறந்ததுன்னு யாராவது கேட்டா, வீடியோவை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லணும். 7 செகண்ட். அதைக் கட்ட ஆனது 43 நாள். செலவு ஏறக்குறைய 9,000 ரூபாய், நாலு பேரோட பாக்கெட் மணி. அந்த ஏழாவது செகண்டுல வயல் வரப்புல மூக்கு குத்தி நின்னதை இன்னிக்கும் எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல ஸ்டிக்கரா அனுப்பிட்டு இருக்காங்க. சிரிச்சுக்கோங்க.

ஆனா அதே டிசைன்ல கட்டின ரெண்டாவது விமானம் இன்னும் பறந்துட்டு இருக்கு. மோட்டார் அதே மோட்டார், பேட்டரி அதே பேட்டரி, ரிமோட்டைப் பிடிச்சவனும் அதே நான்தான். அப்போ என்ன மாறிச்சு? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மின்சாரத்துல ஓடுற ஆர்.சி. போர்விமானம் ஒண்ணு கட்டணும்னு ஆசை இருக்கிறவங்க, பேப்பர் பேனா எடுத்து வச்சுக்கிட்டுப் படிங்க. கணக்கு கொஞ்சம் வரும். எல்லாமே நாம ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல படிச்ச கணக்குதான்.

ஏன் ஹரிக்கேன்?

போர்விமானம் என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஸ்பிட்ஃபயர். அழகான நீள்வட்ட இறக்கை. ஆனால் அந்த இறக்கையை ஃபோம் போர்டில் வெட்டிப் பாருங்கள், அழுகை வரும். ஓரம் முழுக்க வளைவு. சின்ன மாதிரியில் இறக்கை நுனி முதலில் தூக்குவிசையை இழந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் ஆபத்தும் அதிகம்.

ஹாக்கர் ஹரிக்கேன் அப்படி இல்லை. சிட்னி கேம் என்ற வடிவமைப்பாளரின் விமானம். 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலாகப் பறந்தது. இறக்கை தடிமனானது, ஓரங்கள் பெரும்பாலும் நேர்கோடு. ஸ்கேலும் கட்டரும் இருந்தால் போதும். இன்னொரு விஷயம்: இதன் முன்பகுதிக்கு உலோகத் தகடு, ஆனால் விமானி இருக்கைக்குப் பின்னால் உள்ள உடல் முழுக்க உலோகக் குழாய், மரச்சட்டம், அதன்மேல் துணி. ஆமாம், துணிதான்! இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கட்டுரை முடியறதுக்குள்ள திரும்ப வருவோம்.

நம்ம ஊர்ப் பெயரும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் 79-வது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற அடைமொழி உண்டு. அந்தப் படைப்பிரிவு 1942-ல் இந்தியா வந்து, பர்மா போர்முனையில் ஹரிக்கேன் ஓட்டியது. 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் பறந்ததும் ஹரிக்கேனில்தான். ஆக எங்க டீமில் ஓட்டெடுப்பு வைத்தபோது ஸ்பிட்ஃபயருக்கு ஒரு ஓட்டு, ஹரிக்கேனுக்கு மூணு ஓட்டு.

சின்னதாக்கினா எல்லாம் ஒரே மாதிரி சின்னதாகாது

அசல் விமானத்தின் இறக்கை நீளம் 12.19 மீட்டர். நாங்கள் எடுத்தது 12-ல் ஒரு பங்கு அளவு. அதாவது 1.016 மீட்டர் இறக்கை, ஏறக்குறைய 80 செ.மீ. உடல். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். கண்டக்டர் லக்கேஜ் கேட்க மாட்டார்.

இங்கேதான் முதல் பாடம். நீளம் 12-ல் ஒரு பங்கு ஆனால், பரப்பு 144-ல் ஒரு பங்கு ஆகிறது. கன அளவு 1,728-ல் ஒரு பங்கு. அசல் ஹரிக்கேனின் எடையைத் தோராயமாக 3,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,728-ஆல் வகுக்க 1.74 கிலோ வருகிறது. அப்போ 1.74 கிலோவுக்குக் கட்டினால் போதுமா? போதாது. எடையை இறக்கைப் பரப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தூக்குவிசைச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்:

தூக்குவிசை = ½ × காற்றின் அடர்த்தி × வேகம்² × இறக்கைப் பரப்பு × தூக்குக் குணகம்

விமானம் விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம்தான் ஸ்டால் வேகம். நம் மாதிரியின் இறக்கைப் பரப்பு 0.166 சதுர மீட்டர். நம்ம ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி 1.15 என்று எடுத்துக்கொள்வோம். சின்ன இறக்கைக்கு அதிகபட்சத் தூக்குக் குணகம் 1 என்று வைத்தால் ஏமாற்றம் இருக்காது. அசலுக்கு ரெனால்ட்ஸ் எண் ஒரு கோடிக்கு மேல் போகும், நம்முடையது 1.5 லட்சம்தான். அதனால் அசல் இறக்கை கொடுக்கும் குணகத்தை நம் இறக்கையிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எடை 1.74 கிலோ என்றால் ஸ்டால் வேகம் நொடிக்கு 13.4 மீட்டர், அதாவது மணிக்கு 48 கி.மீ. எடை 900 கிராம் என்றால் நொடிக்கு 9.6 மீட்டர், மணிக்கு 35 கி.மீ. கையால் வீசி ஏவப்போகிற விமானத்துக்கு இந்த 13 கி.மீ. வித்தியாசம்தான் வாழ்வா சாவா. அதனால் சுவரில் பெரிசா எழுதி ஒட்டினோம்: 900 கிராம். அதுக்கு மேல ஒரு கிராம் கூட வேண்டாம்.

சக்கரமும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மடங்கும் சக்கரம் வைத்தால் பார்க்க அழகு, ஆனால் எடை. கையால் ஏவுவோம், புல்தரையில் வயிற்றால் இறக்குவோம்.

இஞ்சின் இல்லாத மூக்கு

அசல் ஹரிக்கேனின் மூக்கில் இருந்தது 27 லிட்டர் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இஞ்சின். இஞ்சின் மட்டுமே 600 கிலோவுக்கு மேல். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு மூக்கிலேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் மோட்டார் 85 கிராம். 900-ல் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது அசல் வடிவத்தை அப்படியே சின்னதாக்கி மோட்டாரை மாட்டினால், மூக்கு காலியாகி வால் கனத்துவிடும்.

அப்போ எடை மையம், அதாவது சி.ஜி., எங்கே இருக்க வேண்டும்? இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலத்துக்கு நாண் என்று பெயர். எங்கள் இறக்கையின் சராசரி நாண் 163 மி.மீ. சி.ஜி.யை அதில் 25 முதல் 28 சதவீதத்துக்குள் வைப்பது பாதுகாப்பு. நாங்கள் வைத்தது 45 மி.மீ., ஏறக்குறைய 27.6 சதவீதம். ஒரு எச்சரிக்கை: இறக்கை நுனியை நோக்கிக் குறுகுவதால், இந்த 45 மி.மீ.யை உடலை ஒட்டி அளக்கக் கூடாது. சராசரி நாண் வருகிற இடத்தில், அந்த இடத்து முன்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி இருக்கிறது. நடுநிலைப் புள்ளி. சி.ஜி. அதற்கு முன்னால் இருக்கும்வரை, காற்று மூக்கைத் தூக்கினாலும் விமானம் தானாகவே மூக்கை இறக்கிப் பழைய நிலைக்கு வரும். சி.ஜி. அந்தப் புள்ளியை நெருங்க நெருங்க இந்தக் குணம் குறையும். தாண்டிவிட்டால், தூக்கிய மூக்கு இன்னும் மேலே தூக்கிக்கொண்டே போகும். எங்கள் விமானத்துக்கு அந்தப் புள்ளி ஏறக்குறைய 38 சதவீதத்தில் வரும் என்று கணக்கு சொன்னது. 38-க்கும் 27.6-க்கும் நடுவே 10 சதவீத இடைவெளி. நிம்மதியான இடைவெளி.

சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை வைத்து மேட்டில் ஏறியிருக்கிறீர்களா? ஹேண்டில் லேசாகி முன்சக்கரம் தரையில் நிற்காது. வால் கனத்த விமானம் அப்படித்தான். மூக்கு கனத்த விமானம் சோம்பேறியாகப் பறக்கும், ஆனா வீட்டுக்குத் திரும்பி வரும்.

இஞ்சின் இல்லாத குறையை நிரப்ப ஒரே ஆள் பேட்டரி. 185 கிராம். அதை மோட்டாருக்கு ஒட்டி, எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு முன்னால் தள்ளி வைக்க வேண்டும். முதல் நாளே பேட்டரிக்கு இடம் ஒதுக்கிவிட்டு அப்புறம் மற்றதை வரையுங்கள்.

கட்டுவது

பொருட்கள் எல்லாம் பக்கத்துக் கடை சரக்குதான். உடலுக்கும் இறக்கைக்கும் 5 மி.மீ. ஃபோம் போர்டு, இறக்கைக்குள் ஒரு கார்பன் கம்பி, கீல்களுக்கு டேப், எலிவேட்டர், ரடருக்கு ஒவ்வொன்றும் இறக்கைக்கு ரெண்டுமாக 9 கிராம் சர்வோ நாலு. எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் வாங்கினோம்.

சில அனுபவக் குறிப்புகள்:

சாதாரண ஃபெவிக்விக் தெர்மாகோல் வகை ஃபோமைக் கரைத்துத் தின்றுவிடும். துண்டு ஒன்றில் சோதித்துவிட்டுத்தான் விமானத்தில் வையுங்கள்.

ஹாட் க்ளூ சட்டென்று ஒட்டும். ஆனால் கனம். 'இன்னும் கொஞ்சம் வைப்போம்' என்று கை நீளும்போதெல்லாம் அந்த 900-ஐப் பாருங்கள்.

இறக்கை நுனியை உட்பகுதியைவிட 2 டிகிரி கீழ்நோக்கித் திருகி ஒட்டுங்கள். வேகம் குறையும்போது உட்பகுதி முதலில் ஸ்டால் ஆகும், நுனியில் உள்ள அய்லரான்களுக்குப் பிடி இருக்கும். விமானம் பக்கவாட்டில் புரளாது.

மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால், எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். அதனால் மோட்டாரை வலப்பக்கம் 2 டிகிரி, கீழே 2 டிகிரி சாய்த்து மாட்டினோம். ரெண்டு வாஷர் போதும்.

எங்கள் டீமில் வால் பகுதி முழுவதையும் செய்தது செகண்ட் இயர் தம்பி ஒருவன். அவன் முதல் விமானம் அது. ஒவ்வொரு துண்டையும் மெஸ் கிச்சன் தராசில் எடை போட்டு, நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஒட்டுவான். நாங்க கிண்டல் பண்ணினோம். 'தம்பி, நகைக்கடையில வேலைக்குப் போடா!'

மின்சாரப் பக்கம்

மோட்டார் 1,000 கே.வி. இது ஆயிரம் கிலோவோல்ட் இல்லைங்க, பயப்படாதீங்க! ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று அர்த்தம். மூன்று செல் லிப்போ பேட்டரிக்குப் பெயரளவில் 11.1 வோல்ட், முழுதாக சார்ஜ் ஆனால் 12.6. ஆக சுமை இல்லாமல் 11,000 சுற்றுக்கு மேல். ப்ரொப்பெல்லர் மாட்டிய பிறகு அது 8,000-க்குக் கீழே இறங்கிவிடும்.

ப்ரொப்பெல்லர் 10-க்கு 7. அதாவது விட்டம் 10 அங்குலம், ஒரு சுற்றில் வழுக்காமல் போனால் முன்னேறும் தூரம் 7 அங்குலம். நிமிடத்துக்கு 7,800 சுற்று என்றால் நொடிக்கு 130 சுற்று, 130 × 0.178 மீட்டர் = நொடிக்கு 23 மீட்டர், மணிக்கு 83 கி.மீ. நம் ஸ்டால் வேகம் 35. இந்த வேகம் ஸ்டால் வேகத்தைப் போல் ரெண்டு மடங்குக்கு மேல் இருந்தால் நல்லது. நமக்கு 2.4 மடங்கு. சரி.

வாட்மீட்டரில் முழு த்ராட்டிலில் 24 ஆம்பியர், 10.8 வோல்ட் காட்டியது. பெருக்கினால் 259 வாட். கிலோவுக்கு 288 வாட். போர்விமான மாதிரிக்குக் கிலோவுக்கு 250 வாட்டுக்கு மேல் இருந்தால் போதும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் கைக்கணக்கு. வேகக் கட்டுப்பாட்டுக்கு 40 ஆம்பியர் இ.எஸ்.சி. வைத்தோம். 24-க்கு 30-ம் போதும், ஆனா மூடின உடம்புக்குள்ள காத்து குறைவு, சூடாகும்.

பேட்டரி 2,200 மில்லி ஆம்பியர் மணி. அதில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் 8 நிமிடம் சொச்சம் வரும். டைமரை 6 நிமிடத்துக்கு வையுங்கள். இறங்க ஒருமுறை தவறினால் சுற்றி வர மிச்சம் வேண்டும்.

லிப்போ விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள். ஹாஸ்டல் கட்டில் மேல் கூடவே கூடாது. சிமென்ட் தரை, பக்கத்தில் ஒரு வாளி மணல், கூடவே ஓர் ஆள். உப்பிய பேட்டரியைத் தூக்கிப் போட மனசு வராது, ஆனாலும் அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். மேஜையில் செட்டிங் செய்யும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். 250 வாட் ப்ரொப்பெல்லர் மிக்ஸி பிளேடு மாதிரி, விரல் என்று பார்க்காது.

அந்த 7 செகண்ட்

பறக்க வேண்டிய நாளுக்கு ரெண்டு நாள் முன்னால் எல்லாம் தயார். தராசில் சரியாக 900 கிராம். சி.ஜி. 45 மி.மீ. தம்பி நோட்டில் எழுதிக் கோடு போட்டு முடித்தான்.

அன்று ராத்திரி எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. 'வெள்ளையா இருக்கு, போர்விமானம் மாதிரியே இல்லையே' என்று வாலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கோட் பச்சையும் பழுப்பும் ஸ்ப்ரே செய்தேன். எலிவேட்டர் கீல் லேசாக ஆடியது போல இருந்தது, சுற்றிலும் ஹாட் க்ளூ. பிறகு வால் முழுக்கப் பளபளவென்று டேப். காலையில் கிளம்பும் அவசரத்தில் பேட்டரி வயர் இடித்து மூடி மூடவில்லை. பேட்டரியை 2 செ.மீ. பின்னால் தள்ளி மூடினேன். 'அண்ணா, இன்னொரு தடவை சி.ஜி. பார்த்துடலாமா?' என்று தம்பி கேட்டான். 'ரெண்டு நாள் முன்னாடிதானேடா பார்த்தோம், வா' என்றேன்.

காலை 6:20. அறுவடை முடிந்த வயல். நண்பன் ஓடி வந்து வீசினான். விமானம் நேராகப் போகவில்லை, மூக்கைத் தூக்கியது. எலிவேட்டரை முழுக்கக் கீழே தள்ளினேன். மூக்கு படாரென்று இறங்கியது. இழுத்தேன், முன்னைவிட மேலே போனது. மூன்றாவது முறை தூக்கியபோது வேகம் தீர்ந்து, இடது இறக்கை விழுந்து, வரப்பில் குத்தியது.

யாரும் பேசவில்லை. தம்பிதான் முதலில் ஓடி வால் பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். 'அண்ணா, எலிவேட்டர் நான் கட்டினதுதான். கோணம் தப்பா ஒட்டிட்டேன் போல, சாரிண்ணா' என்றான். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. வாயைத் திறந்து 'பரவாயில்லடா' என்று மன்னிக்கவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அறைக்கு வந்ததும் அவன் பழக்க தோஷத்தில் வாலைத் தராசில் வைத்தான். நோட்டில் இருந்ததைவிட 18 கிராம் அதிகம். டேப் 7, க்ளூ 6, பெயின்ட் 5.

இப்போ நீங்களே கணக்கு போடுங்க. வால் இருப்பது சி.ஜி.க்கு 480 மி.மீ. பின்னால். 18 × 480 = 8,640. பேட்டரி 185 கிராம், 20 மி.மீ. பின்னால் போனது: 3,700. கூட்டினால் 12,340 கிராம்-மி.மீ. இதை மொத்த எடை 918-ஆல் வகுத்தால் 13.4 மி.மீ. ஆக சி.ஜி. 45-லிருந்து 58.4-க்குப் போயிருந்தது. நாணில் 35.8 சதவீதம். நடுநிலைப் புள்ளி 38. 10 சதவீத இடைவெளி 2 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. விரல் அகலம் கூட இல்லாத ஒரு நகர்வு.

அந்த 18 கிராமை மட்டும் ஈடுகட்ட மூக்கில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? மூக்கு சி.ஜி.யிலிருந்து 150 மி.மீ.தான். 8,640-ஐ 150-ஆல் வகுத்தால் 58 கிராம். அதாவது வாலில் 1 கிராம் என்பது மூக்கில் 3 கிராம் கடன். சிட்னி கேம் பின்னுடலுக்குத் துணி போட்டது அந்தக் காலத்துப் பழக்கம்தான், ஆனால் வால் லேசாக இருப்பதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்று ராத்திரி தம்பியிடம் போய், எலிவேட்டர் கோணம் சரியாகத்தான் இருந்தது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். 'தெரியும்ணா, கோணமானி வச்சுப் பார்த்தேன்' என்றான்.

இரண்டாவது முறை: தரையிலேயே பாதிப் பறப்பு

ரெண்டாவது விமானம் 12 நாளில் தயார். இந்த முறை பறப்பதற்கு முன்னால் செய்ததை அப்படியே வரிசையாகத் தருகிறேன். வெட்டி எடுத்து ஒட்டிக்கோங்க.

1. வயலில், பேட்டரி மாட்டி, மூடி மூடிய பிறகுதான் சி.ஜி. பார்க்க வேண்டும். ஹரிக்கேன் தாழ் இறக்கை விமானம், அதனால் தலைகீழாகத் திருப்பி ரெண்டு விரலில் நிறுத்துங்கள். நேராக வைத்தால் உடல் மேலே இருப்பதால் தடுமாறும். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தால் சந்தோஷம். எடை தேவைப்பட்டால், டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற 5 கிராம் பட்டைகள் அருமையான சரக்கு.

2. இடது வலது சமநிலை. மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்குங்கள். ஒரு இறக்கை தாழ்ந்தால் மற்ற நுனியில் ஒரு சின்ன எடை.

3. விமானத்துக்குப் பின்னால் நின்று திசை சோதனை. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பக்கத்தில் ஒருவர் பார்க்கட்டும். எத்தனையோ விமானம் அய்லரான் தலைகீழாகி விழுந்திருக்கிறது.

4. அசைவின் அளவு. எலிவேட்டர் மேலும் கீழும் 8 மி.மீ., அய்லரான் 10 மி.மீ. முதல் பறப்புக்கு இது போதும். எக்ஸ்போ 30 சதவீதம்.

5. ஒருவர் விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். பிறகு ரேஞ்ச் சோதனை முறையில் 30 அடி எடுத்து வைத்து எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள்.

6. இடமும் நேரமும். ட்ரோன் விதிகள் 2021-ன்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளது மைக்ரோ வகை. மாதிரி விமானமும் அந்த விதிகளுக்குள் வரும். பதிவு விஷயத்தை முதலிலேயே பாருங்கள். உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று வான்வெளி வரைபடத்தில் உறுதி செய்யுங்கள். விமான நிலையம் பக்கம் போகவே வேண்டாம். நில உரிமையாளரிடம் சொல்லுங்கள். ஆடு மாடு மேய வருவதற்கு முன், காற்று கிளம்புவதற்கு முன், விடியற்காலை சிறந்தது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

வீசும் முறை: காற்றுக்கு எதிராக, இறக்கை மட்டமாக, முக்கால் த்ராட்டில். மேல்நோக்கி வீசாதீர்கள், ஈட்டி எறிவது போல நேராக. வீசுபவர் வேறு, ஓட்டுபவர் வேறாக இருக்கட்டும்.

இந்த முறை விமானம் கையை விட்டதும் அரை அடி இறங்கி, வேகம் பிடித்து, தானாகவே ஏறியது. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. 30 மீட்டர் உயரம் போகும்வரை ட்ரிம்மைத் தொடாதீர்கள். அப்புறம் அரை த்ராட்டிலில் நேராகப் பறக்க விட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிராக ட்ரிம்மை ஒவ்வொரு 'கிளிக்'காக நகர்த்துங்கள்.

அடுத்து ஸ்டால் சோதனை. 50 மீட்டர் உயரத்தில், த்ராட்டிலைக் குறைத்து எலிவேட்டரை மெல்ல இழுத்துக்கொண்டே இருங்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம் விழுகிறது என்று மேலே தெரிந்துகொண்டால் கீழே அது ஆச்சரியமாக இருக்காது. எங்களுடையது மூக்கை மட்டும் மெதுவாகக் கவிழ்த்தது. நுனியைத் திருகியதன் பலன்.

பிறகு சி.ஜி.யைக் காற்றிடமே கேட்பது. சுமார் 45 டிகிரி டைவ் விட்டு, த்ராட்டிலைக் குறைத்து, ஸ்டிக்கை விடுங்கள். மூக்கு வெடுக்கென்று எழும்பினால் மூக்கு கனம். டைவ் இன்னும் செங்குத்தானால் வால் கனம், உடனே இழுத்து இறக்கிவிடுங்கள். மெல்ல மெல்ல எழுந்தால் சரியான இடம். எங்களுடையது மெல்ல எழுந்தது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

தரையிறக்கத்தில் ஒன்றே ஒன்று: திரும்பும்போது ரொம்பச் சாய்க்காதீர்கள். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால், இறக்கை ரெண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. ஸ்டால் வேகம் 1.41 மடங்காகும். நம் 35 கி.மீ. அங்கே 49 ஆகிவிடும். மெதுவாக, அகலமாகத் திரும்பி, கொஞ்சம் த்ராட்டில் வைத்தே காற்றுக்கு எதிராக வாருங்கள். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது மோட்டாரை அணையுங்கள். வைக்கோல் தாளில் சர்ரென்று உரசி நின்றது. 5 நிமிடம் 40 செகண்ட்.

கடைசியா

ஒரு விமானம் பறக்குமா பறக்காதா என்பது வானத்தில் முடிவாவதில்லை. தராசு, ஸ்கேல், ஒரு நோட்டு, இந்த மூணும் இருக்கிற மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. வானம் வெறும் ரிசல்ட் போர்டு. அதைவிட முக்கியமா ஒண்ணு: கடைசி நேரத்துல ஜூனியர் ஒருத்தன் 'இன்னொரு தடவை பார்த்துடலாமாண்ணா' என்று கேட்டா, பார்த்துடுங்க. 2 நிமிஷம்தான் ஆகும்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ரிமோட் தம்பி கையில்தான். நான் வீசுகிறவன். வாலுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, வெள்ளையாகவே பறக்கிறது. உங்களில் யாருக்காவது கட்ட ஆசை இருந்தால் பணிமனைக்குப் பின்னால் வாங்க, வரைபடம் தர்றோம். தராசு மட்டும் நீங்க கொண்டு வந்துடுங்க, எங்களுடையதை மெஸ் அண்ணன் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டார்!